மரக்கறிமீன் அண்ணையின் பூட்டுமீன்

ஜேர்மனிக்கு வந்த தமிழர்களில் மீன் சாப்பிடாதவர் உண்டு, மீன் சமைக்காதவர் உண்டு, மீன்கடைப் பக்கம் போனால் மூக்கைப் பொத்துகிறவரும் உண்டு. ஆனால் இந்த மூன்று குணமும் ஒன்றாக அமைந்தும் வீடு நிறைய மீன் வைத்திருந்த ஒரே மனிதர், என் அறிவுக்கு எட்டியவரை, வுப்பர்டாலில் இருந்த மரக்கறிமீன் அண்ணைதான். என் அறிவு எவ்வளவு தூரம் எட்டும் என்பதைப் போகப்போக நீங்களே கண்டுகொள்வீர்கள்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லும்போது மட்டும் அது வெளியே வரும். மற்ற நேரமெல்லாம் மரக்கறிமீன்தான். அந்தப் பெயர் வந்த கதையில் என் வீட்டுக் குளியல் தொட்டிக்கும் பங்கு உண்டு என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். இல்லை, அதற்கும் ஒரு கிழமை முந்தி, ரயிலிலிருந்து தொடங்கவேண்டும்.

வுப்பர்டாலில் ரயில் தண்டவாளத்துக்கு மேலே ஓடாது. தண்டவாளத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டு ஓடும். அதற்கும் கீழே ஆறு. வந்த புதிதில் அதில் ஏறினால் இறங்கும்வரை பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு கொஞ்சம் தைரியம் வந்து, ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் கூப்பிடத் தொடங்கியிருந்தேன். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரித் துணிகள் தோய்க்கும் தொழிற்சாலையில் வேலை முடித்து, அங்கேயே முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு கோயிலுக்குப் போகிறேன். பக்கத்து இருக்கையில் ஒரு தமிழ் முகம். நீளமான கறுப்புக் கோட்டு. கோட்டின் இரண்டு பொத்தான்களுக்கு நடுவிலிருந்து ஒரு மீன்வால் என்னை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

விரதக்காரன் நான். எழும்பி நின்றுவிட்டேன்.

"என்ன தம்பி, இறங்கிற இடம் வந்திட்டுதோ?"

"இல்லை அண்ணை. இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமையில நீங்கள் சீற்றில இருக்கிறேல்லையோ?"

"மீனண்ணை! மீனுக்குப் பக்கத்தில எப்பிடி இருக்கிறது?"

அவர் கோட்டைத் திறந்து மீனை வெளியே எடுத்தார். ஒரு முழம் இருக்கும். கைபிடிக்கிற கம்பியில் அதன் தலையை ஒரு தட்டுத் தட்டினார். டொக்.

"மரம்," என்றார். "நம்பாட்டி மணந்து பாருங்கோ."

என் மூக்குக்குக் கீழே நீட்டினார். முன்னிருக்கையில் இருந்த வெள்ளைக்கார அம்மா கைப்பையை மடியோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். அவரில் பிழை இல்லை. கறுப்புக் கோட்டுக்காரர் ஒருவர் மீனைத் தூக்கிப் பிடிக்க, நெற்றி நிறையச் சாம்பல் பூசிய இன்னொருவர் கண்ணை மூடி அதை மணப்பதை ஓடுகிற ரயிலில் யார்தான் எதிர்பார்ப்பார்கள்? பழைய பெயின்ற் மணந்தது. நான் திரும்பவும் இருந்தேன். அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"அமெரிக்காவில வடக்குப் பக்கம் குளிருக்கு ஏரியெல்லாம் உறைஞ்சிடும் தம்பி. அங்கத்தைச் சனம் ஐஸில ஓட்டை வெட்டி, மேல ஒரு சின்னக் கொட்டில் போட்டு, இருட்டுக்குள்ள குந்தியிருந்து, இந்த மீனை நூலில கட்டித் தண்ணிக்குள்ள விட்டு ஆட்டுவினம். ஆட்டினால்..."

கதவு திறந்தது. கோயிலடி. பிள்ளையாரே என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

ஆட்டினால் என்ன நடக்கும் என்று நான் அன்று கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை. ஏனென்றால் இறங்குகிற அவசரத்திலும், பழைய சாமான் சந்தைக்காரன் மீனின் வாலில் கட்டிவிட்டிருந்த மட்டைத் துண்டை நான் வாசித்துவிட்டேன். லொக்ஃபிஷ் என்று எழுதியிருந்தது. லொக் என்றால் பூட்டு. ஃபிஷ் என்றால் மீன். பூட்டுமீன். இதற்குமேல் என்ன கேள்வி?

அந்தக் காலத்தில் எங்கள் சனத்துக்குள் டொச் என்கிற ஜேர்மன் மொழிக்கு நான்தான் பெரிய ஆள். அகதியாக வந்த புதிதில் சில மாதம் வகுப்புக்குப் போனவன். ஊரில் எட்டாம் வகுப்பு வரைக்கும் இங்கிலிஷும் படித்தவன். டொச்சில் ஒரு சொல் தெரியாவிட்டால் அதை இங்கிலிஷாக நினைத்து வாசித்தால் முக்கால்வாசி சரிவரும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. அரசாங்கக் கந்தோர்க் கடிதம் வந்தால் சனம் என்னிடம்தான் கொண்டுவரும். சரிவராத கால்வாசிக்கு என்ன நடந்தது என்று யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை. சில பேர் கொஞ்சக் காலம் என்னோடு கதைக்காமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை வாசல் மணி அடித்தது. கோயிலில் என் விலாசம் கேட்டு வந்துவிட்டார். கையில் அதே மீன்.

"தம்பி, உங்களிட்ட குளிக்கிற தொட்டி இருக்காம். என்னட்ட ஷவர் மட்டும்தான். இது நீந்துற வடிவை உங்களுக்குக் காட்டாமல் எனக்கு நித்திரை வராது."

என் மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ! வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டுக்குள்ள மீனோ?"

"தங்கச்சி, இது மரம்."

"மரமெண்டாலும் மீன் மீன்தான் அண்ணை."

"பெருமாளே மீனாய் வந்தவர்தானே?"

"வந்தவர்தான். எங்கட பாத்ரூமுக்கு வரேல்லை."

அண்ணை வாசலில் நின்றபடி யோசித்தார். பிறகு, வழக்கறிஞர் சாட்சியை மடக்குகிற மாதிரிக் கேட்டார்.

"தங்கச்சி, முருங்கைக்காய் எதில காய்க்குது?"

"மரத்தில."

"பிலாக்காய்?"

"அதுவும் மரத்தில."

"மரத்திலயிருந்து வாற கறிக்கு நாங்கள் என்ன சொல்லுறனாங்கள்?"

"மரக்கறி."

"அப்ப மரத்திலயிருந்து வந்த இந்த மீன் என்ன?"

எங்கள் பக்கத்தில் காய்கறிக்கும் மரக்கறிதான் பெயர், சைவச் சாப்பாட்டுக்கும் அதுதான் பெயர். என் மனைவி வழிவிட்டு விலகினாள். எங்கள் கலியாணத்துக்குப் பிறகு அவள் விட்டுக்கொடுத்தது அந்த ஒரு தரம்தான். மீன் உள்ளே போனது. சனிக்கிழமை விடிவதற்குள் அவருக்கு மரக்கறிமீன் என்ற பெயர் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியது யார் என்று நான் எழுதமாட்டேன். அவளும் இந்தப் பத்திரிகை வாசிக்கிறவள்.

தொட்டியில் தண்ணீர் நிரப்பினோம். மீனின் வயிற்றுக்குள் ஈயம் ஊற்றியிருந்தது. செட்டைகள் தகரம். வால் ஒரு பக்கமாக மெல்ல வளைந்திருந்தது. முதுகில் கட்டிய நூலை அண்ணை விரல் நுனியால் ஒரு சுண்டுச் சுண்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கட்டைக்கு உயிர் வந்தது. தலையைத் தாழ்த்தி, ஒரு பெரிய வட்டம் போட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. எனக்கு மெய்சிலிர்த்தது. என் தோளுக்கு மேலால் இன்னொரு மூச்சுக் கேட்டது. திரும்பினால் மனைவி. குசினியில் பருப்பு அடிப்பிடிக்கிற மணம்.

அதற்குப் பிறகு நான் அவருடைய வீட்டுக்குப் போய்வரத் தொடங்கினேன். ஒரு அறை, ஒரு சின்னக் குசினி. சுவரில் மீன், ஜன்னல் கட்டையில் மீன், குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் மீன், கட்டிலுக்குக் கீழே மீன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில், அமெரிக்கா போய்த் திரும்பிய உறவினர் விட்டுச்சென்ற பெட்டிகளை வெள்ளைக்காரர் விற்கும் இடங்களில், ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தவை. அண்ணை ஒரு இத்தாலியரின் பீட்சாக் கடையில் மா குழைக்கிறவர். கை கழுவாமல் மீனைத் தொடமாட்டார். எனக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது.

"ஆர் அண்ணை இதுகளைச் செய்தது?"

"ஆருக்குத் தெரியும்? குளிருக்கு வேலையில்லாமல் இருந்த கமக்காரன், தச்சன், தபால்காரன். ஒருத்தரும் பெயர் போடேல்லை. ஆருக்குக் காட்டப் பெயர் போட? மனிசன் பாத்து வடிவெண்டு பொய்யும் சொல்லுவான். மீன் சொல்லாது. மீன் பாத்து நம்பவேணும் தம்பி. மீன் நம்பினால்தான் இது மீன்."

நம்பவேணும் என்று அவர் சொன்னதும் நான் பயபக்தியோடு தலையாட்டினேன். சமய விஷயம் என்று நினைத்தேன்.

ஒரு மீனை எடுத்து விலாவைக் காட்டினார். வரிசையாகக் கீறல்கள். "பெரிய மீன் வந்து கடிச்ச பல்லடையாளம். இதுதான் இதுக்குச் சேட்டிபிக்கற்." பிறகு மினுமினு என்று கீறலே இல்லாத இன்னொன்றைக் காட்டினார். "இது அலங்காரத்துக்குச் செய்தது. நல்லாப் படிச்ச பிள்ளை, ஆனால் ஒரு நாளும் வேலைக்குப் போகேல்லை."

எனக்கோ வேறு கணக்கு ஓடியது. கடி வாங்கியும் இடத்தைவிட்டு அசையாத மீன்! காவலுக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த நேரம் எங்கள் கட்டடத்து நிலவறையில், கெலர் என்போமே, அங்கே வைத்த சைக்கிள்கள் அடிக்கடி களவு போய்க்கொண்டிருந்தன. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"அண்ணை, எனக்கும் ஒண்டு தருவியளோ? கதவில மாட்ட."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கினாற்போல இருந்தது.

"இத்தனை காலத்தில என்னட்ட வாய்விட்டு மீன் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் தம்பி."

எழும்பிப் போய், தன் வாசல் கதவின் உட்பக்கத்தில் தொங்கிய பச்சை மீனைக் கழற்றினார். செம்மஞ்சள் கண், முதுகில் ஆழமான பல்லடையாளம். "கதவுக்கு ஏத்தது இதுதான்," என்றார். அவர் கதவிலேயே தொங்கியது என்றால் பிறகென்ன, என் எண்ணம் உறுதியாகிவிட்டது. நான் வீட்டுக்குக் காவல் வாங்கினேன். அவர் தன்னைப்போல இன்னொரு மீன்பைத்தியம் கிடைத்தது என்று நினைத்தார். இரண்டு பேரும் மகிழ்ச்சியாகப் பிரிந்தோம்.

மகிழ்ச்சியின் விலை ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. காலையிலேயே ரெலிபோன். "தம்பி, சந்தைக்குப் போறன், வாறியளோ?" போனேன். அடுத்த ஞாயிறும் போனேன். மழையில் போனேன், பனியில் போனேன். அவர் ஒவ்வொரு மேசையாகக் குனிந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்ப்பார். நான் பின்னால் குடை பிடித்தபடி, தெரிந்தவன்போல "ஓம் அண்ணை, நல்ல வேலைப்பாடு" என்பேன். ஒருமுறை அப்படிச் சொன்னது ஒரு மர அகப்பையைப் பார்த்து.

ஆற்றங்கரைச் சம்பவமும் இந்தக் காலத்தில்தான். புதிதாக வாங்கிய ஒரு மீன் என் வீட்டுத் தொட்டியில் வட்டம் போடாமல் பக்கவாட்டில் சாய்ந்தது. "இதுக்கு ஓடுற தண்ணி வேணும்," என்று அண்ணை முடிவு செய்தார். ஆற்றங்கரையில் என்னிடம் நூலைத் தந்துவிட்டு, தான் கொஞ்சம் தள்ளிக் குந்தியிருந்து, "விடுங்கோ, சுண்டுங்கோ, ஐயோ அப்பிடி இழுக்காதேங்கோ, அது மாடில்லை" என்று கட்டளை போட்டுக்கொண்டிருந்தார். அப்போது பச்சைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். ஆற்று மீன்களுக்குக் காவலர். நேரே நூல் பிடித்தவனிடம் வந்தார்.

"ஆங்கல்ஷைன்?"

எனக்கு விளங்கவில்லை. அவர் தன் சட்டைப் பையிலிருந்து தன்னுடைய அட்டையை எடுத்து, இப்படி ஒன்று உன்னிடம் இருக்கிறதா என்று காட்டினார். என் வழக்கப்படி அதை இங்கிலிஷாக வாசித்தேன். ஏஞ்சல் என்று தொடங்கியது. ஏஞ்சல் என்றால் வேதக்காரர் சொல்லும் சம்மனசு. சம்மனசுப் பத்திரமா? ஞானஸ்நானச் சீட்டுக் கேட்கிறார் போலும். ஆற்றில் இறங்க அதுவும் வேண்டுமோ? மரியாதையாக, ஆனால் என் சமயத்தை விட்டுக்கொடுக்காமல், இல்லை என்று டொச்சில் பதில் சொன்னேன்.

"நைன். ஹிண்டு."

நெற்றித் திருநீற்றையும் தொட்டுக் காட்டினேன். காவலர் என்னைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். ஆங்கல் என்றால் தூண்டில் என்றும், அவர் கேட்டது மீன்பிடிக்கிற அனுமதிப் பத்திரம் என்றும் அண்ணை ஓடிவந்து சொல்லும்வரை நாங்கள் இருவரும் அப்படியே நின்றோம்.

காவலர் நூலைத் தானே இழுத்தெடுத்தார். மீனைத் திருப்பித் திருப்பிக் கொழுக்கி தேடினார். இல்லை.

"இதால் எப்படிப் பிடிப்பீர்கள்?"

"பிடிக்கிறது இல்லை," என்றார் அண்ணை டொச்சில். "இது கூப்பிட மட்டும்தான் செய்யும்."

காவலர் அந்த மீனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதைப் பிள்ளையைக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் அண்ணையிடம் கொடுத்து, வடிவாய் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூப்பிடும் என்ற சொல் என் காதிலும் விழுந்தது. அடேயப்பா! பூட்டியும் வைக்கும், ஆபத்தென்றால் ஆளைக் கூப்பிட்டும் சொல்லும்! அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கதவு மீனைத் தூசி தட்டி, நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டும் வைத்தேன்.

"இனி அதுக்குத் தோடும் குத்திவிடுங்கோ," என்றாள் மனைவி.

இதற்கிடையில் அண்ணையின் போக்கில் ஒரு மாற்றம் தெரிந்தது. பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனால் ரெலிபோனைக் காதில் வைத்து, டொச்சில், ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். மீன் சுவரில் தொங்குகிறது. மீன் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. மீன் குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. என்னைக் கண்டதும் வெட்கப்பட்டு வைத்துவிடுவார்.

நான் வீட்டுக்கு வந்து சொன்னேன். "அண்ணை மீன்களை ஆரோ வெள்ளைக்காரனுக்கு விக்கப்போறார். எது எங்க இருக்கு எண்டு கணக்குக் குடுக்கிறார்."

"உங்களுக்கு விசர்," என்றாள் மனைவி. "தனியா இருந்து அந்த மனிசனுக்கு ஏதோ ஆகிப்போச்சு."

அண்ணை உண்மையில் தனி ஆள் இல்லை. கலியாணம் முடித்தவர். மனைவி கொழும்பில், ஒரு மாமி வீட்டில், விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தார். ஜேர்மனிக்கு வருகிற மனைவிமார் அங்கேயே கொஞ்சம் டொச் படித்துச் சோதினை பாஸ் பண்ணவேண்டும் என்று சட்டம் வந்துவிட்ட நேரம். "எங்கட அவவுக்குச் சோதினை இருக்கு" என்று அண்ணை எப்போதாவது சொல்வார். அதற்குமேல் வாய் திறக்கமாட்டார்.

ஒரு நாள் என் வேலையிடத்து வாசலிலேயே வந்து நின்றார்.

"தம்பி, பாஸ் பண்ணியிட்டா. விசாவும் குடுத்திட்டினம். வாற வெள்ளிக்கிழமை வாறா."

சந்தோஷச் செய்தி. ஆனால் மனிதரின் முகம் பீட்சா மாவைவிட வெளிறிப்போயிருந்தது.

"என்னண்ணை?"

"அவ என்னோட சீவிச்சது கலியாணம் முடிஞ்ச கொஞ்ச நாள்தான் தம்பி. மிச்சமெல்லாம் ரெலிபோன். நேரில வந்து பாத்திட்டு, இந்தாளோ, இந்த வீடோ எண்டு நினைச்சாவெண்டா நான் என்ன செய்ய?"

இந்த இடத்தில் அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு நான் பேசாமல் போயிருக்கலாம். ஆனால் என் சமய உணர்ச்சி பொங்கியது. அண்ணையின் மனைவி, எங்களுக்கு அக்கா, நல்லூர்ப் பக்கத்துச் சைவக் குடும்பம் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"அண்ணை, அவ மீன் மணமே தெரியாத குடும்பத்துப் பிள்ளை. முதல்முதல் புருஷன் வீட்டுக்குள்ள வலது கால் எடுத்து வைக்கேக்க, அதுவும் வெள்ளிக்கிழமை, நாலு பக்கமும் மீன் நிண்டு பாத்தால் என்ன நினைப்பா? வந்த பிளேனிலயே திரும்பிப் போயிடுவா."

"இல்லைத் தம்பி, அவவுக்குத் தெரியும், நான் ரெலிபோனில..."

"தெரியிறது வேற, பாக்கிறது வேற அண்ணை!"

அந்த வசனம் எனக்கே பிடித்துவிட்டது. இன்னொரு தரமும் சொன்னேன். அண்ணை தலையாட்டினார். பயந்த மனிதனை வெல்வது சுலபம்.

வியாழக்கிழமை நானே தலைமை தாங்கினேன். மீன்களைத் துணியில் சுற்றி, எங்கள் கெலருக்குக் கொண்டுபோய்ப் பெரிய பூட்டாகப் போட்டேன். சுவரில் ஆணிகள் மொட்டையாக நின்றன. அதற்கும் என்னிடம் வழி இருந்தது. வீட்டில் சேர்த்து வைத்திருந்த பழைய கலண்டர்களைக் கொண்டுவந்து, ஆணிக்கு ஒரு சாமியாக மாட்டினேன். முருகன் மட்டும் ஐந்தாறு ஆணியில் நின்றார். அண்ணை அறையின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு தம்பி," என்றார். சாமி காரியம் என்பதால் வேறு என்ன சொல்வார்?

வெள்ளிக்கிழமை அண்ணை விமான நிலையத்துக்குப் போனார். நானும் மனைவியும் அவர் வீட்டில் சமைத்து வைத்துக் காத்திருந்தோம். கதவு திறந்தது. அண்ணையின் கறுப்புக் கோட்டுக்குள் ஒரு சின்ன உருவமாய் அக்கா. வலது காலை எடுத்து வைத்தார். முதல் முருகனைக் கும்பிட்டார். அடுத்த முருகனையும் கும்பிட்டார். மூன்றாவது முருகனில் கை இறங்கிவிட்டது. அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தெளிவான டொச்சில் கேட்டார்.

"வோ இஸ்ட் டெர் ஃபிஷ்?"

மீன் எங்கே என்கிறார். அண்ணை என்னைப் பார்த்தார். டொச் தெரிந்தவன் நான்தானே, சமாளித்தேன்.

"அக்கா, இண்டைக்கு மரக்கறிதான்."

அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. நேரே சுவரடிக்குப் போனார். மீன் சுவரில் தொங்குகிறது என்று டொச்சில் சொல்லிக்கொண்டே சுவரைத் தடவினார். முழங்காலில் குந்தி, மீன் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது என்று சொல்லிக் கட்டிலுக்குக் கீழே பார்த்தார். குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று அந்த வசனத்தையும் சொன்னார். ஒரு பிழை இல்லை. பிறகு கோட்டைக் கழற்றாமலே தன் பெட்டியின் மேல் இருந்துவிட்டார்.

"இது நீங்கள் சொன்ன வீடில்லை," என்றார் அண்ணையைப் பார்த்து.

என் மனைவி ஓடிப்போய்ப் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்தாள். அக்கா அவளுக்குத்தான் சொன்னார்.

"நான் சோதினையில ரெண்டு தரம் பெயில் தங்கச்சி. மேல, கீழ, பக்கத்தில எண்டு ஒண்டும் எனக்கு ஏறேல்லை. பிறகு இவர்தான் ஒவ்வொரு நாளும் ரெலிபோனில மீனை வைச்சுச் சொல்லித் தந்தவர். சோதினை அண்டைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இந்த வீட்டைத்தான் பாத்துச் சொன்னனான். இந்த வீட்டில நான் எத்தினை நாள் நடந்திருப்பன் தெரியுமோ? இப்ப வந்து பாத்தால் வேற ஆரின்ரயோ வீடு."

முருகன்மார் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணை என்னைத் திட்டவில்லை. கை மட்டும் நீட்டினார்.

"தம்பி, கெலர்ப் பூட்டுத் திறப்பு உங்களிட்டயோ?"

நான் ஓடிய ஓட்டத்தை என் எதிரிகூடக் காணக்கூடாது. வெள்ளிக்கிழமை, விரதம், வேட்டி. இரண்டு கையிலும் மீன் மூட்டை. தொங்குரயிலில் ஏறும்போது பிள்ளையாரைக் கூப்பிடவும் மறந்துவிட்டேன். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் சனம் எழும்பி இடம் மாறி இருந்தது. ஒரு மூட்டையிலிருந்து வால் வெளியே தெரிந்திருக்கிறது. "மரம், மரம்" என்று நான் கத்தினேன். ஒருவரும் மணந்து பார்க்க வரவில்லை.

திரும்பி வந்து துணியை அவிழ்த்ததும் அக்கா கோட்டைக் கழற்றினார். எந்த மீன் எந்த ஆணியில் என்று அண்ணைக்கே தடுமாறியது. அக்காவுக்குத் தடுமாறவில்லை. ஒரு நாளும் காணாத மீன்களை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி, முகத்தைப் பார்த்து, "நீ ஜன்னல்", "நீ கட்டிலுக்குக் கீழ" என்று அனுப்பிக்கொண்டிருந்தார். சாமிப்படங்களைக் கழற்றிச் சுருட்டுவது என் வேலையாயிற்று. ஒரு முருகனை மட்டும் அக்கா கேட்டு வைத்துக்கொண்டார்.

கடைசியில் வாசல் கதவுக்குப் போனார். அங்கே வெறும் ஆணி.

"பச்சை மீன்? கதவில தொங்கினதெல்லோ?"

மனைவி என் விலாவில் இடித்தாள்.

"அது என்ர வீட்டுக் கதவில அக்கா," என்றேன். "களவு போகாமல் இருக்க மாட்டினது."

"களவுக்கும் மீனுக்கும் என்ன?"

"லொக்ஃபிஷ் எல்லோ அக்கா. பூட்டுமீன்."

அண்ணை மெல்லத் திரும்பினார். "தம்பி, நீங்கள் பூட்டெண்டோ நினைச்சனீங்கள்?"

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "இவர் எனக்குச் சொல்லித் தந்த முதல் டொச் சொல்லே அதுதான் தம்பி. லொக்கன் எண்டால் ஆசைகாட்டிக் கூப்பிடுறது. வா வா எண்டு. இதைத் தண்ணிக்குள்ள ஆட்டினால் பெரிய மீன் தன்ர சாதியெண்டு நம்பிக் கிட்ட வரும்."

ரயிலில் கதவு திறந்தபோது அறுந்த வசனம் இத்தனை வருஷத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தது. அண்ணை சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்து சிரித்தார். கண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடிய, முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப உங்களுக்கு மீனில ஒரு விருப்பமும் இல்லை. பிறகேன் தம்பி மழையிலயும் பனியிலயும் என்னோட சந்தை சந்தையாய்த் திரிஞ்சனீங்கள்?"

உண்மையைத்தான் சொன்னேன்.

"நீங்கள் கூப்பிட்டனீங்கள் அண்ணை. வந்தனான்."

சாப்பாடு ஆறிப்போகிறது என்று அண்ணை எழும்பிப் போய் எனக்குத்தான் முதலில் இலை போட்டார்.

அடுத்த நாள் பச்சை மீனைப் பொட்டோடு கழற்றிக் கொண்டுபோனேன். அக்கா வாங்க மறுத்துவிட்டார். "அது என்னைக் கூப்பிட்ட மீன் தம்பி. நான் வந்திட்டன். இனி அது உங்கட கதவில நிண்டு கூப்பிடட்டும்."

சில வருஷம் கழித்து இருவரும் மீன்களோடு கனடா போய்விட்டார்கள். அங்கே ஏரி உறையுமாம். அண்ணை ஐஸில் ஓட்டை வெட்டி, கொட்டில் போட்டு, அக்காவையும் பக்கத்தில் இருத்தி மீன் ஆட்டுகிறாராம். பெரிய மீன் வந்தால் இருவரும் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்களாம். ரெலிபோனில் சொன்னார்.

என் சைக்கிள் அதற்குப் பிறகும் களவு போனது. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் வரப்போவதாக ஒரு சொல்லும் சொல்லாமல் யாராவது வந்து மணி அடிக்கிறார்கள். மனைவி ஒரு பிடி அரிசி கூடப்போட்டே வைக்கிறாள். சந்தனப் பொட்டை நான் இன்னும் புதுப்பித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அண்ணை, இந்தப் பத்திரிகை கனடாவுக்கும் வருமென்று சொல்கிறார்கள். வாசித்தால் தெரிந்துகொள்ளுங்கோ: மீன் கதவிலதான் தொங்குது. கதவு லொக் பண்ணேல்லை.